"ஒளி எதிரொலி"க்கு மாற்றுச் சொல்

டர்பன்:

வணக்கம். நம் வானியல் சொற்பட்டியலில் ஆங்கில "light echo"வுக்கு "ஒளி எதிரொலி" என்று நிற்கிறது. காட்டுவது ஒளி, சொல்லில் கேட்பது ஒலி. இங்கே தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். லகரமும் ளகரமும் அவர்கள் நாவில் ஒன்றுதான். வாய்விட்டுப் படித்தால் "ஒலி எதிரொலி" ஆகிவிடும். "எதிரொளி" என்று மாற்றிவிடலாமா?

கேப் டவுன்:

வேண்டாம் அக்கா. எதிரொளிப்பு கண்ணாடிக்கு வைத்த சொல். இங்கே பேச்சே தாமதத்தைப் பற்றியது.

விண்மீன் வெடித்தால் நேரே வரும் ஒளி முதலில் சேரும். வேறு திசையில் போனது தூசுமேகத்தில் பட்டுச் சிதறி, சுற்றுவழியில் வரும். மேகம் விண்மீனிலிருந்து 10 ஒளியாண்டு தள்ளி என்று வையுங்கள். அது நமக்கும் விண்மீனுக்கும் நேர் இடையில் இருந்தால் தாமதமே இல்லை. பார்வைக்கோட்டிலிருந்து 60 பாகை விலகினால் 5 ஆண்டு, செங்குத்தாகப் பக்கத்தில் இருந்தால் 10, விண்மீனுக்கு நேர் பின்னால் இருந்தால் 20.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்மீனுக்கு 100 ஒளியாண்டு முன்னால் ஒரு தூசுத்திரை விரிந்திருந்தால், ஓராண்டில் அதில் ஒளிர்ந்து தெரியும் வளையத்தின் ஆரம் சுமார் 14 ஒளியாண்டு! ஒளியை மிஞ்சிய வேகம் போலத் தோன்றும். உண்மையில் அங்கே எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒளிர்வது வேறு வேறு தூசு. நான்காம் ஆண்டில் ஆரம் 28.6தான், அதாவது வளரும் வேகம் குறைந்துகொண்டே வரும். ஆகவே விளக்கத்தில் "வளையம் விரைகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

நம்மூர் எடுத்துக்காட்டே இருக்கிறது. கேப் டவுனின் கிளேர்மாண்ட் பகுதியில் வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் தொலைநோக்கி நின்ற இடத்தில் ஒரு கல்தூண் உண்டல்லவா? அங்கிருந்துதான் 1837 டிசம்பரில் ஈட்டா கரினே என்ற விண்மீன் திடீரெனப் பிரகாசமானதை அவர் கண்டார். 1843இல் அது சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான விண்மீன். அன்று விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த நிறமாலையைப் பதிய வழியில்லை. அந்த வெடிப்பின் ஒளி தூசில் சிதறி ஏறக்குறைய 170 ஆண்டு பிந்தி வந்தபோது நிறமாலை எடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவுப்படி வெடிப்பின் வெப்பநிலை சுமார் 5,000 கெல்வின், எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி.

"தாமத ஒளி" என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தாமதம் என்றதும் பேருந்து நினைவுக்கு வருகிறது ஐயா. போதாததற்கு, அதன்மேல் இன்னொரு சொல்லை ஏற்றினால் நீண்டு தொங்கும்: "தாமத ஒளி வளைய நிறமாலை".

பிந்து + ஒளி = பிந்தொளி. ஊறுகாய் போல வினைத்தொகை. பிந்திய, பிந்துகிற, பிந்தும் மூன்றும் அடங்கும். நேற்று வந்ததும் நாளை வரப்போவதும் ஒரே சொல்லில். பிந்தொளி வளையம், பிந்தொளி நிறமாலை என்று தடையில்லாமல் நீளும்.

கேப் டவுன்:

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. ஈர்ப்புவில்லையிலும் (பெரும் நிறையின் ஈர்ப்பு ஒளியை வளைப்பது) ஒரே வெடிப்பின் இன்னொரு பிம்பம் பிந்தி வரும், ஆனால் அது வளைந்து வந்தது, தூசில் சிதறியதல்ல. விளக்கத்தில் "தூசில் சிதறி" கட்டாயம் வேண்டும். காமாக் கதிர் வெடிப்பு தணிந்தபின் மிஞ்சும் ஒளிர்வுக்குச் சிலர் "பின்னொளி" என்கிறார்கள். பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

டர்பன்:

பட்டியலில் இப்படிப் போகிறது:

பிந்தொளி: விண்மீன் ஒன்றின் திடீர் ஒளிர்வு தூசில் சிதறி, நேராக வந்த ஒளிக்குப் பின்னர் நம்மை அடைவது.

பிள்ளைகள் "பிந்தொலி" என்று எழுதினால்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

எழுதட்டும். அப்படி வேறொரு சொல் தமிழில் இல்லை, பொருள் மாறாது. சிவப்பு மையால் ஒரு ளகரம் போட்டால் போதும்.