சோலார் ஃபிளேருக்குத் தமிழ்ச்சொல்: நாளை அச்சு
(மூன்று ஊர்க்காரர்களின் உரையாடல்; பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். எங்கள் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்புக்காக, சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 பற்றிய சுவரொட்டிகளை நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சோலார் ஃபிளேருக்கு, அதாவது சூரியனில் திடீரென ஆற்றல் பீறிடுவதற்கு, என்ன போடுவது? அடுத்த அறையில் மலையாளப் பிள்ளைகள் ‘சௌரஜ்வால’ என்று படிக்கிறார்கள். ‘சூரியச் சுவாலை’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் சட்டென்று புரியும்.

செங்கோட்டை:
ஜ்வாலையைச் சுவாலையாக்கினால் தமிழாகிவிடுமா, டீச்சர்? திருமுருகாற்றுப்படை ஞாயிற்றை முன்வைத்துத்தான் தொடங்குகிறது. அங்கேயே ‘அவிரொளி’, அதாவது மின்னும் ஒளி, இருக்கிறது. ‘ஞாயிற்று அவிரொளி’ என்று வையுங்கள். பத்துப்பாட்டில் கிடக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

கொழிஞ்சாம்பாறை:
ஐயா, ‘விளக்கு அவிஞ்சு போச்சு’ என்று பேசுகிற பிள்ளைகள். அவிரொளியை அணைந்த ஒளி என்பார்கள். ஞாயிறு என்றால் லீவு நாள்.

செங்கோட்டை:
அவிதல் வேறு, அவிர்தல் வேறு. ரகர ஒற்று இருக்கிறதே! அவிர்தலும் அவிழ்தலும் ஒரே வேர் என்பது என் துணிபு. அகராதிகள் ஏற்காவிட்டாலும் விரிவாக எழுதுகிறேன்.

சூளூர்ப்பேட்டை:
வேர் இருக்கட்டும் ஐயா, முதலில் பொருளைப் பார்ப்போம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா கிளம்பியதை எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். ராக்கெட்டின் வாலில் தெரிந்தது சுவாலை. அங்கே எரிபொருள் எரிந்தது. சூரியனில் அப்படி எதுவும் எரிவதில்லை. முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைகையில் ஆற்றல் பீறிடுகிறது. அதை 656.3 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியில் பார்த்தால் இரண்டு ஒளிநாடாக்கள் மெல்ல விலகிப்போகும். ஆற்றல் மிகுந்த ‘வன் எக்ஸ் கதிரில்’ காந்த வளைவின் கால்கள் பளிச்சிடும். மேலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள் மோதுவது அங்கேதான். அந்த மோதலில் சூடேறிய வாயு கோடி டிகிரியைத் தொட்டு வளைவை நிரப்ப நிரப்ப, ஆற்றல் குறைந்த ‘மென் எக்ஸ் கதிர்’ மெதுவாக ஏறும். ரேடியோவில் திடீர் இரைச்சல். இதில் எந்தப் படத்தில் சுவாலை இருக்கிறது? எல்லா அலைநீளத்துக்கும் பொதுவானது அந்த எழுச்சி மட்டுமே. ஆகவே ‘சூரியக் கிளர்வு’.

செங்கோட்டை:
ஒளியே இல்லாமலா? 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் அதைச் சாதாரண வெண்ணொளியிலேயே பார்த்தாரே! ‘கிளரொளி’ என்றாவது வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
‘கிளர்வு’ தனியே நின்றால் போராட்டமா என்று கேட்பார்கள். சரி, தலைப்பில் ‘சூரியக் கிளரொளி’; முதல் படத்தின் கீழே ‘சுவாலை என்றும் சொல்வர்’.

சூளூர்ப்பேட்டை:
அச்சுக்குப் போகட்டும். ஆனால் ரேடியோ அலை வரும் சுவரொட்டியிலும் ‘ஒளி’ என்று போடுவதை நான் ஏற்கவில்லை. மறுபதிப்பில் கிளர்வைத்தான் கேட்பேன். அப்புறம், ‘வன் எக்ஸ் கதிர்’ என்பதைக் ‘கடின எக்ஸ் கதிர்’ என்று மாற்றிவிடாதீர்கள், டீச்சர்.