ஞாயிறு வாட்டிகன் மூடல், திங்கள் புளோரன்ஸ் மூடல்: திட்டத்தை எப்படிச் சரிசெய்வது?

பொன்மலை ரயில்காரர்:

வணக்கம். நானும் மனைவியும் அக்டோபர் இரண்டாம் வாரம் இத்தாலி போகிறோம். எனக்கு 62, அவருக்கு 59. விசா வந்துவிட்டது. விமானம், ஹோட்டல் எல்லாம் போட்டாயிற்று. நேற்று இரவு முழுத் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தவறு கண்ணில் பட்டது.

வெள்ளி மாலை ரோமில் இறங்குகிறோம். சனி பிற்பகல் கொலோசியம். இந்த டிக்கெட்டை எங்கள் பெயர் போட்டு எடுத்தாயிற்று, பணம் திரும்ப வராது. ஞாயிறு வாட்டிகன் அருங்காட்சியகம். திங்கள் காலை ரயிலில் புளோரன்ஸ், அன்றைக்கே உஃபிசி ஓவியக்கூடம், மறுநாள் அக்காதெமியா கலைக்கூடம். புதன் காலை வெனிஸ், அங்கே இரண்டு இரவு. வெள்ளி மதியம் ஊருக்கு விமானம்.

வாட்டிகன் அருங்காட்சியகத்தை மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் திறப்பார்களாம். நாங்கள் போவது இரண்டாம் ஞாயிறு. உஃபிசி, அக்காதெமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஆக இரண்டு நாளும் வீண்.

என் மனைவி 31 ஆண்டு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வாட்டிகனில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியத்தில் ஆதாமின் விரலும் கடவுளின் விரலும் தொட்டும் தொடாமலும் நிற்குமே, அதை ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டு, "இந்த இடைவெளியைத்தான் பார்க்கணும்" என்பார். அதை நேரில் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கை ஓடவில்லை.

ஞாயிறு அன்று புனித பேதுரு பேராலயம் திறந்திருக்கிறதே, அதன் வழியாக சிஸ்டைனுக்குப் போக முடியுமா? இல்லையென்றால் சனிக்கிழமையே காலை வாட்டிகன், பிற்பகல் கொலோசியம் என்று முடித்துவிடலாமா? அவருக்கு இடது முழங்காலில் வலி உண்டு. படி ஏறினால் அன்றைக்கு இரவு தூக்கம் போய்விடும்.

மிலான்வாசி:

ஐயா, முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இது சரிசெய்யக்கூடிய சிக்கல்தான்.

பேராலயம் வழியாக சிஸ்டைனுக்குப் போக முடியாது. அருங்காட்சியகத்தின் உள்ளே நடந்து, கடைசியில்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். வாசலும் வேறு. பேராலயத்துக்குச் சதுக்கத்திலிருந்து நுழைவோம். அருங்காட்சியகத்துக்கு மதிலைச் சுற்றி வடக்குப் பக்கம் போக வேண்டும், பத்துப் பதினைந்து நிமிட நடை.

சனிக்கிழமை இரண்டையும் சேர்க்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரே நாளில் இரண்டும் ஆகாது.

உங்கள் தாளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். திங்கள் புளோரன்ஸில் அருங்காட்சியகம் இல்லை, ஆனால் வாட்டிகன் திறந்திருக்கிறது. அப்படியானால் திங்கள் காலை ஏன் புளோரன்ஸுக்கு ஓட வேண்டும்? காலையில் வாட்டிகனைப் பார்த்துவிட்டு மாலை ரயிலுக்குப் போங்கள். அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். ராத்தங்கல் எதுவும் மாறவில்லை, அதனால் ஹோட்டல்களைத் தொடவே வேண்டாம். புளோரன்ஸ் ஹோட்டலுக்கு மட்டும் இரவு தாமதமாக வருவோம் என்று எழுதிவிடுங்கள்.

டிக்கெட்டை வாட்டிகனின் அதிகாரபூர்வ தளத்திலேயே எடுங்கள். இணைய முகவரி ".va" என்று முடியும். நான் பார்த்தபோது 20 யூரோ, முன்பதிவுக்கு மேலே 5 யூரோ. தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்களில் இதுவே இரண்டு மடங்கு ஆகிவிடும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், பெட்டிகளை ரோம் ஹோட்டலிலேயே விட்டுச் செல்லுங்கள். ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து மெட்ரோ 'ஏ' தடம், இறங்க வேண்டியது ஒத்தாவியானோ.

பொன்மலை ரயில்காரர்:

எவ்வளவு எளிதான வழி! மிக்க நன்றி. திங்கள் காலை 10 மணிக்கு இடம் இருக்கிறது, உடனே எடுத்துவிட்டேன். ஆனால் திங்கள் காலைக்கு எடுத்த ரயில் டிக்கெட் மிக மலிவான வகை. மாற்றவே முடியாது என்று போட்டிருக்கிறது. சாதாரண ரயில் ஒன்று விலை குறைவாகத் தெரிகிறது. அதில் போகலாமா?

மிலான்வாசி:

அந்த வகையை மாற்ற வழியில்லை, அந்தப் பணம் போனதுதான். நீங்கள் பார்த்தது வட்டார ரயில். விலை எப்போதும் ஒன்றுதான், கடைசி நிமிடத்திலும் எடுக்கலாம், ஆனால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், இருக்கை எண்ணும் கிடையாது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன்பு நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். நாள் முழுக்க வாட்டிகனில் நடந்த முழங்காலோடு அது வேண்டாம். அதிவேக ரயிலிலேயே புதிதாக எடுங்கள். இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன, விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். மாலை 5 மணிக்கு முந்தைய ரயில் வேண்டாம். அம்மா அந்தக் கூரையின் கீழ் எவ்வளவு நேரம் உட்காருவார் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

போய் வந்தவள்:

சென்ற ஆண்டு நானும் கணவரும் போனோம். ஆசிரியர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா, ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். கூரை தரையிலிருந்து 20 மீட்டர் உயரம். நாம் புத்தகத்தில் பக்கம் நிறையப் பார்த்த அந்தக் கைகள் அங்கே கீழிருந்து பார்க்கும்போது சின்னதாகத்தான் தெரியும். நடுப்பகுதியில் ஒன்பது காட்சிகள், அவற்றில் ஒன்றுதான் ஆதாம். பைனாகுலரில் பார்த்தபோதுதான் ஆதாமின் கை சற்றுத் தளர்ந்து மடங்கியிருப்பதும், எதிர்க்கை விறைப்பாக நீண்டு வருவதும் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அந்த இடைவெளியும் அதில் தெளிவாகத் தெரியும்.

ஓரச் சுவரை ஒட்டி உட்காரும் இடம் உண்டு. நிறைந்திருக்கும், ஆனால் யாராவது எழுந்துகொண்டே இருப்பார்கள். அவரை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். இந்தக் கூரையை மிக்கேலாஞ்சலோ படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை, 1508 முதல் 1512 வரை நின்றபடி, தலையை அண்ணாந்து வரைந்திருக்கிறார். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்ததற்கே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, பேச்சும் கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், புடவை என்றால் கவலையே இல்லை.

நடை நீளம். அடையாள அட்டையைக் கொடுத்தால் வாசலில் வீல்சேர் இலவசமாகத் தருகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். என் கணவர் மறுத்துவிட்டு, பாதி வழியில் சிரமப்பட்டார்.

காலியான ஞாயிறுக்கு: காலை 8 மணிக்குள் பேராலயம் போய்விடுங்கள், கட்டணம் இல்லை. நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால், இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் 'பியெத்தா' சிலை இருக்கிறது, அதுவும் மிக்கேலாஞ்சலோ செய்ததுதான். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட இருந்திருந்தால் அதிகம். போப் ஊரில் இருந்தால் நண்பகல் 12 மணிக்கு ஜன்னலில் தோன்றுவார், அதற்குள் சதுக்கம் நிரம்பிவிடும். பேராலயக் குவிமாடத்துக்கு மட்டும் ஏற வேண்டாம். லிஃப்டில் போனாலும் மேலே 320 படி மீதம் இருக்கிறது. பிற்பகல் பழைய ரோமானியக் கோவிலான பாந்தியோன். தரை மட்டம், படி இல்லை, உள்ளே உட்காரலாம்.

புளோரன்ஸ் செவ்வாய்க்கு உஃபிசி காலையிலும் அக்காதெமியா மாலையிலும் போதும், இரண்டுக்கும் நேரம் பதிவு செய்துவிடுங்கள். புளோரன்ஸ் பேராலயத்தில் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம் 463 படி, லிஃப்ட் இல்லை. கீழே நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

பொன்மலை ரயில்காரர்:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திங்கள் மாலை 6 மணி ரயில் எடுத்துவிட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஞாயித்துக்கிழமை பியெத்தா, திங்கக்கிழமை ஆதாம். இது முதல்ல போட்டதைவிட நல்லா இருக்கே" என்றார். வீல்சேருக்கும் சரி என்றுவிட்டார். பேரனுடைய பைனாகுலரை வாங்கி வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. எல்லா டிக்கெட்டையும் மறுபடி பார்த்தபோது, புதன்கிழமை டிக்கெட்டில் 'வெனேசியா மெஸ்த்ரே' என்று இருக்கிறது. எங்கள் ஹோட்டல் வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கம் பக்கம். அது சரியான நிலையம்தானா?

மிலான்வாசி:

இல்லை ஐயா, மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கிறது. தீவில் இருக்கும் நிலையம் 'சாந்தா லூச்சியா'. பயப்பட வேண்டாம், மெஸ்த்ரேயில் இறங்கி வட்டார ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் பாலத்தைக் கடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சேர்த்துவிடும். இதற்கும் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

சாந்தா லூச்சியா வாசலில் இறங்கியதும் பெட்டியோடு நடக்கத் தொடங்காதீர்கள். வெனிஸில் கார் கிடையாது, பாலத்துக்குப் பாலம் படி. எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது, 1ஆம் எண் வப்போரெத்தோ (பஸ் மாதிரி ஓடும் படகு) பெருங்கால்வாய் வழியாக சான் மார்க்கோ போகும். ஒரு முறை பயணம் 9.50 யூரோ, 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. இரண்டு இரவுக்கு அந்தச் சீட்டே எடுங்கள். ஹோட்டலுக்கு எந்தத் துறையில் இறங்கினால் பாலமே ஏறாமல் வரலாம் என்று இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள்.