தொடைத் தசை துடிக்கிறது, இறுகவில்லை. அவசர உதவி!

கால்கட்டு: தசைக்கு மின்சாரம் கொடுக்கும் மெஷின் வந்து நாலு நாள். ஜெல் பேடைத் தொடையில் ஒட்டி ஓட்டினால் சுருக்கென்று குத்துகிறது, தசை படபடவென்று துடிக்கிறது, அவ்வளவுதான். கூட்டினால் எரிச்சல்தான் கூடுகிறது. மெஷின் பழுதா?

சுருள்கம்பி: வலிக்குப் போடும் டென்ஸ் மெஷினா, தசையை இயக்கும் வகையா? எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை மின்துடிப்பு? பேட் எந்த இடத்தில்? எதற்காகப் போடுகிறீர்கள் என்றே சொல்லவில்லையே.

ஈரத்துணி: பேட் காய்ந்திருக்கும். எனக்கு எப்போதும் அதுதான். ஓரம் தூக்கிக்கொண்டால் மின்சாரம் முழுக்கச் சின்ன இடத்தில் பாயும், குத்தும். தோலைக் கழுவிவிட்டுப் புதுசு ஒட்டுங்கள்.

மூத்தவன்: தேடிப் படிக்காமல் கேட்பதே வழக்கமாகிவிட்டது. தம்பி, தோல்மேல் வைக்கும் மின்சாரம் முதலில் தூண்டுவது தசைநாரை அல்ல, அதற்குப் போகும் நரம்பை. அதற்குக் குறைந்த மின்சாரமே போதும். நொடிக்கு ஐந்து மின்துடிப்பு என்றால் தசை தனித்தனியாக ஐந்து முறை வெட்டும். 40 வந்தால் ஒரு சுருக்கம் தளரும் முன்பே அடுத்தது ஏறி ஒரே இறுக்கமாகிவிடும். பள்ளிப் பாடம்.

சுருள்கம்பி: மின்துடிப்பின் அகலமும், அதாவது ஒவ்வொன்றும் நீடிக்கும் நேரமும் முக்கியம். தொடை மாதிரி பெரிய தசைக்கு 50 மைக்ரோநொடி போதாது, 300 வைத்துப் பாருங்கள். ஒரு பேட் முட்டிக்கு மேலே உள்பக்கப் புடைப்பில், இன்னொன்று தொடையின் மேல் வெளிப்பக்கம்.

தவளைக்கால்: மின்சாரத்தால் தவளைக் காலைத் துடிக்க வைத்த இத்தாலிய விஞ்ஞானி கால்வானி 1791-லேயே இதை எழுதிவிட்டார்!

மூத்தவன்: எழுதியது 'விலங்கு மின்சாரம்' என்று. இரண்டு உலோகம் தொட்டதால் வந்தது என்று இன்னொரு இத்தாலிய விஞ்ஞானி வோல்டா திருத்தினார். 1800-இல் மின்கலமே செய்தார்.

தவளைக்கால்: உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையில் தொட வைத்தே கால்வானி துடிக்கச் செய்த சோதனையை மறந்துவிட்டீர்களா?

மூத்தவன்: மறக்கவில்லை. அது வேறு கதை.

நடைபயிற்சி: கதை இருக்கட்டும். கால்கட்டு, பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம், நாமாக இறுக்கும்போது தசைநார்கள் மாறி மாறி வேலை செய்யும். மெஷினில் அதே நார்களே திரும்பத் திரும்ப ஒன்றாக இழுபடும், சீக்கிரம் களைத்துவிடும். 10 நொடி ஓட்டம், 30 நொடியாவது ஓய்வு.

கால்கட்டு: பேஸ்மேக்கர் இல்லை. முட்டி அறுவைக்குப் பிறகு பிசியோ போடச் சொன்னார். டென்ஸ் மோடில் 4 ஹெர்ட்ஸில் கிடந்திருக்கிறது. 40-க்கு மாற்றினேன், இறுகுகிறது. நன்றி.

ஈரத்துணி: பேட் மாற்றினீர்களா?

ஈரத்துணி: ஹலோ?