உதவி: ஆடி முடிந்து அடித்துப் பார்த்தால் முகம் பச்சையாக வருகிறது – புதிய போட்டோ பிரிண்டர் வாங்கிவிடலாமா?

பாலக்கோடு ஸ்டுடியோ:
அவசரம். பாஸ்போர்ட் படத்தில் முகமெல்லாம் பச்சை அடிக்கிறது, கோடு கோடாக விழுகிறது. அடைப்பு நீக்கும் கிளீனிங் போட்டுப் போட்டு இங்க்தான் தீர்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் பிடித்து வைத்திருக்கிறேன். பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா? படத்துக்கு ஆகும் செலவு குறைவாகவும் அடிக்கடி மக்கர் செய்யாமலும் இருப்பது எது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர் வண்ணம்:
எந்த மாடல்? எத்தனை நிறம்? கம்பெனி இங்க்கா, வெளி இங்க்கா? நாசில் செக் (இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை) தாளைப் படமெடுத்துப் போடுங்கள்.

அரூர் பிரேம்ஸ்:
மாதத்துக்கு எத்தனை படம்? வெறும் 4x6 அங்குலம் தானா, ஏ3-யும் உண்டா? இதைச் சொல்லாமல் எதை வாங்கச் சொல்வது?

கிருஷ்ணகிரி மூத்தவர்:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர் இங்க்ஜெட்டைத் தொடவே கூடாது. டை-சப் வாங்குங்கள், ரிப்பனில் உள்ள சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் பிரிண்டர் அது. டிஎன்பி ஆர்எக்ஸ்1 எச்எஸ் எடுத்துக்கொண்டால் ஒரு ரோலுக்கு 4x6 அளவில் 700 படம். ரோல் விலையை 700-ஆல் வகுத்தால் செலவு கையில் வந்துவிடும். காய்வதற்கு அதில் இங்க்கே கிடையாது.

அரூர் பிரேம்ஸ்:
ஐயா, அதில் 6x8-க்கு மேல் போக முடியாது. அவருக்கு ஏ3 வேண்டுமென்றால் என்ன செய்வார்?

பாலக்கோடு ஸ்டுடியோ:
டேங்க் வைத்த ஆறு நிற பிரிண்டர்தான், எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பது. லைட் மெஜந்தா (வெளிர் இளஞ்சிவப்பு) வரவே இல்லை. புதிதாக வாங்கினால் ஏ3 அளவும் அடிக்க வேண்டும்.

ஓசூர் வண்ணம்:
மாடலைச் சொல்லவில்லை, இருந்தாலும் விஷயம் புரிகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் பிரிண்டர் சும்மா கிடந்திருக்கும், இங்க், அதைத் தெளிக்கும் ஹெட்டில் காய்ந்திருக்கும். ஒன்று சொல்லுங்கள்: கடை அடைக்கும்போது பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைக்கிறீர்களா, சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா? பொத்தானை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்த பிறகே பிரிண்டர் அணையும். வேலை நடக்கும்போது சுவரில் அணைத்தாலும், கரண்ட் போனாலும், ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும்.

தயவுசெய்து விடாமல் கிளீனிங் போடாதீர்கள். இரண்டு முறை போடுங்கள், நாசில் செக் எடுங்கள், தேறவில்லை என்றால் அணைத்து 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். காய்ந்தது பெரும்பாலும் தானாக இளகும். கிளீனிங்கில் உறிஞ்சப்படும் இங்க் எல்லாம் வேஸ்ட் இங்க் பேடில், அதாவது கழிவு இங்க்கை உறிஞ்சும் பஞ்சில், போய்ச் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் வைத்திருக்கும் கணக்கு நிரம்பினால் பிரிண்டர் அடிக்கவே மறுத்துவிடும். படத்துக்கு ஆகும் செலவு என்று பாட்டில் விலையை மட்டும் பார்க்கிறோம். சும்மா கிடந்ததற்காகக் கொட்டும் இங்க்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி புதியது. எப்சனில் பீசோ ஹெட். இங்க்கைச் சூடாக்காமல் தள்ளுவதால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மொத்தமாக அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு கையைக் கடிக்கும். கேனானில் வெப்ப ஹெட். அது தேயக்கூடியது, ஆனால் ப்ரோ-1000-இல் நாமே கழற்றி மாற்றலாம். அடைத்த நாசிலுக்குப் பதில் வேறு நாசிலை வேலை வாங்கவும் அதற்குத் தெரியும். ஒரு நிறத்துக்கு இங்க் எவ்வளவு என்று பாருங்கள்: கேனான் ப்ரோ-300-இல் 14.4 மி.லி., எப்சன் பி900-இல் 50, ப்ரோ-1000-இல் 80. உங்கள் டேங்க் பாட்டில் வழக்கமாக 70 மி.லி. ப்ரோ-300-இல் பத்து கார்ட்ரிட்ஜ். பாஸ்போர்ட் படம் அடிக்கும் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

பென்னாகரம் நிழல்:
எது வாங்கினாலும் பிக்மென்ட் இங்க் (நிறத் துகள் கலந்தது) வாங்குங்கள். மறைந்த பெரியவர் படத்தை டை இங்க்கில் (சாயம் கரைத்தது) அடித்துக் கொடுத்தால், வெளிச்சம் விழும் சுவரில் மாட்டிய சில வருடங்களில் முகம் வெளுத்துப் போகிறது. தினமும் மாலை போட்டுக் கும்பிடும் படம் அது. அந்த வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

கிருஷ்ணகிரி மூத்தவர்:
வெளுப்பது இங்க்கால் அல்ல, நீங்கள் போடும் மலிவுத் தாளாலும் வெளி இங்க்காலும். கண்ணாடிச் சட்டம் போட்டால் டை இங்க்கும் தாங்கும். பளபளப்புத் தாளில் டை இங்க் தரும் பளிச் நிறம் பிக்மென்ட்டில் வராது. கல்யாண வீட்டார் கேட்பது அந்தப் பளிச்தான்.

பென்னாகரம் நிழல்:
கம்பெனி இங்க், கம்பெனி தாள், கண்ணாடிச் சட்டம். மூன்றும் இருந்தும் வெளுத்த படம் என் கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கல்யாண ஆல்பம் பீரோவுக்குள் இருப்பது, அதற்கு டை போதும். சுவரில் மாட்டும் படத்துக்குப் போதாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அரூர் பிரேம்ஸ்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். பாலக்கோடு அண்ணா, சுவிட்ச் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே?

பாலக்கோடு ஸ்டுடியோ:
கடைப் பையன் சுவர் சுவிட்சைத்தான் அணைக்கிறான். இரவு முழுக்க விட்டு, காலையில் ஒரு கிளீனிங் போட்டேன். லைட் மெஜந்தா வந்துவிட்டது, ஒரு கோடு மட்டும் விடுபடுகிறது. ஆர்டர் ஓடுகிறது. நன்றி.

ஓசூர் வண்ணம்:
மகிழ்ச்சி. இனி வேலை இல்லாத வாரத்திலும் ஆறு நிறமும் உள்ள ஒரு 4x6 படம் அடித்துவிடுங்கள், கிளீனிங்கைவிட அதற்கு இங்க் குறைவுதான். இத்தனை கிளீனிங் போட்டிருக்கிறீர்கள், வேஸ்ட் இங்க் பேட் கணக்கு எவ்வளவு காட்டுகிறது? முகூர்த்த நாளில் நின்றுவிடப் போகிறது.

அரூர் பிரேம்ஸ்:
அண்ணா, மாடல் பெயரையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.