தம்பியை அவிசுவாசி என்று அழைக்காமல் அவனோடு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

கேள்வி

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். நான்கு தலைமுறையாகத் திருச்சபையில் இருக்கும் குடும்பம். அப்பாவின் தாத்தா உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். கல்லூரிக் காலம்வரை பாடகர் குழுவில் பாடிய என் தம்பி, இன்று கடவுள் இல்லை என்று நிதானமாகவும் உறுதியாகவும் சொல்கிறான்.

அப்பா கணையப் புற்றுநோயால் ஐந்து மாதங்கள் படுக்கையில் கிடந்தார். ஒவ்வொரு மாலையும் ஒரு ஜெபக்குழு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, விசுவாசித்தால் சுகம் நிச்சயம் என்று அறிக்கையிட்டுவிட்டுப் போகும். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவர்களுள் ஒருவர் காபித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே, "வீட்டில் யாரோ ஒருவருடைய விசுவாசக் குறைவு தடையாக நின்றுவிட்டது" என்று அம்மாவிடம் சொன்னார். வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

முதலாமாண்டு நினைவு ஆராதனைக்கு அவன் வந்தான். எல்லோரும் ஜெபத்துக்காகக் கண்களை மூடியபோது அவன் மட்டும் திறந்திருந்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் திறந்திருந்தேன்.

அதன்பின் மூன்று முறை பேசினோம். மூன்றும் சண்டையில் முடிந்தன. "உனக்குக் கடவுள்மேல் கோபம்" என்றேன். "இல்லாத ஒருவர்மேல் எப்படி அக்கா கோபப்பட முடியும்? நீதான் சாவுக்குப் பயந்து நம்புகிறாய்" என்றான். எங்கள் போதகர் கொடுத்தனுப்பிய இரண்டு புத்தகங்களை ஓரமெங்கும் பென்சில் குறிப்புகளோடு திருப்பித் தந்தான்; அவற்றுள் பலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

நம்மிடம் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லும்படி பேதுரு எழுதியிருக்கிறார். உத்தரவுகளை நான் தேடியிருக்கிறேன். சாந்தத்தைத் தேடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவனை மாற்றுவதற்கு வழி கேட்டு இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட பேச்சு எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

சகோதரி, நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாகக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்கிறவன். உங்கள் சண்டை எங்கே தொடங்கியது என்பது நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்களிலேயே இருக்கிறது. அவன் சொன்ன காரணங்களை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் காரணங்களை அவன் பயம் என்று எடுத்துக்கொண்டான். ஒருவர் ஒன்றை ஏன் உண்மை என்று கருதுகிறார் என்று கேட்பது வேறு, எந்த மனநிலை அவரை அப்படிக் கருத வைத்தது என்று நாமே முடிவு கட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்த கணத்திலேயே எதிரில் இருப்பவர் பேச்சுத் துணையாக இல்லாமல் நோயாளியாகிவிடுகிறார்.

அப்பாவின் மரணம்தான் அவனை இங்கே கொண்டுவந்தது என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்? எப்போது தொடங்கியது என்று அவனிடமே கேளுங்கள். என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு துயரக் கதையை எதிர்பார்த்தார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பதினேழு வயதில், ஒரே நற்செய்தியை வாசித்து எதிரெதிரான முடிவுகளுக்கு வந்த சபைகளை ஒப்பிடத் தொடங்கினேன். அது முடியவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோவிலில் வாராந்திர மன்றாட்டில் மனந்திரும்ப வேண்டியவர்களின் வரிசையில் என் பெயரை அம்மா சேர்த்திருந்தார். அன்பினால் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை ஒரு உறவினர் வழியாக அறிந்தபின் ஓராண்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. தம்பிக்காக ஜெபிப்பது உங்கள் உரிமை. சபையில் அவன் பெயரை மட்டும் அறிவிக்க வேண்டாம்.

பதில் 2

நான் இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன், விசுவாசி. முந்தைய பதிலை அப்படியே ஏற்கிறேன்.

உங்கள் வீட்டில் நடந்ததை ஒத்த ஓர் உரையாடல் 1950 அளவில் ஆக்ஸ்போர்டில் நடந்தது. ஆன்டனி ஃப்ளூ என்ற இளம் நாத்திகர் ஒரு கதையை முன்வைத்தார். அதன் மூல வடிவம் ஜான் விஸ்டம் என்ற மெய்யியலாளருடையது. காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. பூக்களும் இருக்கின்றன, களைகளும் இருக்கின்றன. வந்த இருவருள் ஒருவர், இதைப் பேணும் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்கிறார். மற்றவர் இல்லை என்கிறார். காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள், அப்போதும் யாரும் அகப்படவில்லை. தோட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாதவர், தொட முடியாதவர், மணமும் ஒலியும் இல்லாதவர் என்று முதலாமவர் சொல்லிக்கொண்டே போகிறார். அப்படியானால் உம்முடைய தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லை என்பதற்கும் என்ன வேறுபாடு என்று மற்றவர் கேட்கிறார். ஃப்ளூ விசுவாசிகளிடம் கேட்டது இதுதான்: கடவுள் நம்மை நேசிக்கிறார் என்ற உங்கள் கூற்றைக் கைவிட வைக்க, உலகில் என்ன நடக்க வேண்டும்? அவர் காட்டிய எடுத்துக்காட்டு, அறுவை செய்ய இயலாத தொண்டைப் புற்றுநோயால் சாகும் ஒரு குழந்தையும் அதைக் காப்பாற்றத் துடிக்கும் தந்தையும்.

ஃப்ளூ ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன். பதினைந்து வயதளவில் நம்பிக்கையை இழந்ததையும், அதை வீட்டில் நெடுங்காலம் மறைத்ததையும் அவரே பின்னாளில் எழுதினார். அவருடைய கேள்வியை அகந்தை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அவருக்குப் பதில் சொன்னவர்களுள் பேசில் மிட்சல் கிறிஸ்தவர். அவரும் கதையாலேயே பதில் சொன்னார். பகைவர் பிடித்த ஒரு நாட்டில், விடுதலைப் போராளி ஒருவன் ஓர் இரவு அந்நியர் ஒருவரைச் சந்திக்கிறான். விடியும்வரை பேசுகிறார்கள். தாம் போராளிகளின் பக்கம், சொல்லப்போனால் தாமே அவர்களுக்குத் தலைவர், என்ன நடந்தாலும் தம்மை நம்ப வேண்டும் என்று அந்நியர் சொல்லிப் போகிறார். பிறகு சில நாள் அவர் தோழர்களுக்கு உதவுவது தெரிகிறது. சில நாள் போலீஸ் உடையில் தோழர்களையே பகைவரிடம் ஒப்படைப்பது தெரிகிறது. அவன் தொடர்ந்து நம்புகிறான். ஆனால் கண்ட காட்சி தன் நம்பிக்கைக்கு எதிரானது என்பதை அவன் மறுப்பதில்லை. மறுத்தால் அது விசுவாசம் அல்ல, வெறும் பிடிவாதம் என்பது மிட்சலின் கருத்து.

உங்கள் வீட்டுக்கு வந்த ஜெபக்குழு செய்த தவறு இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். நடந்தது நம்பிக்கைக்கு எதிரான சாட்சியம் என்று ஒப்புக்கொள்ளத் துணியாமல், பழியைத் துக்க வீட்டின்மேல் போட்டார்கள். யோபின் நண்பர்கள் செய்ததும் அதுவே. கடவுளைக் காப்பாற்றுவதற்காகத் துன்பப்பட்டவனைக் குற்றவாளியாக்கிய அந்த மூவரும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுளே 42ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். கேள்விமேல் கேள்வி கேட்டு முறையிட்ட யோபையோ சரியாய்ப் பேசினவன் என்கிறார். அன்று நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறியது உங்கள் தம்பி. நீங்கள் வெளியேறியிருந்தாலும் வேதத்துக்கு முரணாகச் செய்தவர் ஆகியிருக்க மாட்டீர்கள்.

பதில் 3

நான் மூன்று தலைமுறைப் பகுத்தறிவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். இவ்விவாதம் நம் ஊருக்குப் புதியது அன்று. சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் நடத்திய தத்துவ விவேசினி இதழில் இந்து சமயமும் கிறிஸ்தவமும் ஒருசேர விசாரிக்கப்பட்டன. நான் பேச விரும்புவது சொற்களைப் பற்றி. உங்கள் மூன்று சண்டைகளிலும் பாதி, சொற்களால் வந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

நாங்கள் 'நம்பிக்கை' என்னும்போது, ஒரு கூற்றை உண்மை என்று ஏற்பதைக் குறிக்கிறோம். உங்கள் வேதாகமத்தில் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 13ஆம் அதிகாரத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. அங்கே நம்பிக்கை என்பது இனி வரப்போவதை எதிர்நோக்குவது, விசுவாசம் என்பது ஒருவர்மேல் சார்ந்து நிற்பது. "ஆதாரம் இல்லாமல் ஏன் நம்புகிறாய்?" என்று தம்பி கேட்டால், "உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லையா என்ன?" என்ற தொனியில் அக்கா பதில் சொல்லியிருப்பார். இருவரும் ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு வேறு வேறு பொருள்களுக்காகப் போராடியிருப்பீர்கள்.

'நாத்திகர்' என்ற சொல்லும் அப்படியே. பழைய வழக்கில் இந்து மரபின் வேதங்களை ஏற்காதவரே நாத்திகர். அந்தக் கணக்கில் கிறிஸ்தவர்களும் நாத்திகர்கள்தாம். உரோமப் பேரரசில் கோயில் தெய்வங்களை வணங்க மறுத்த கிறிஸ்தவர்களுக்கு நாத்திகர் என்றே பெயர். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் முதிய ஆயர் போலிகார்ப்பிடம், "நாத்திகர்கள் ஒழிக" என்று சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்றார் ஆளுநர். போலிகார்ப்போ அரங்கில் திரண்டிருந்த கூட்டத்தை நோக்கிக் கையை அசைத்து அதே சொற்களைச் சொன்னார். கொன்றுவிட்டார்கள். அந்த வசைச்சொல்லைச் சுமந்த மரபில் வந்தவர்கள் அதையே இன்னொருவர்மேல் எறியும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பதில் 2 எழுதிய ஐயாவுக்கு ஒரு மறுப்பு. மிட்சலின் போராளி அந்த அந்நியரை ஒரு முழு இரவு நேரில் கண்டவன். அதனால்தான் அவனுடைய விசுவாசத்துக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. அப்படி ஓர் இரவே தனக்கு வாய்க்கவில்லை என்பவருக்கு அந்தக் கதை எதையும் சொல்வதில்லை. பிறர் சொல்லக் கேட்ட இரவை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

பதில் 4 (பதில் 2 எழுதியவர்)

அம்மா, இந்த மறுப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, இதை முழுமையாகத் தீர்க்க என்னால் முடியாது. கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு அந்த இரவு என்பது கிறிஸ்துவின் வாழ்க்கை; அதை நேரில் கண்டவர்களின் சாட்சியத்தை நாங்கள் ஏற்கிறோம். சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே எஞ்சும் கேள்வி.

28 ஜனவரி 1948 அன்று பிபிசி வானொலியில் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசலும் இயேசு சபைக் குரு ஃபிரெடரிக் கோப்பிள்ஸ்டனும் உரையாடியபோது இதைத் தொட்டார்கள். கடவுள் அனுபவம் ஒருவருடைய வாழ்வை நன்மைக்கு மாற்றுவது அதன் உண்மைக்கு ஆதரவாகாதா என்பது கோப்பிள்ஸ்டனின் வாதம். பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய, ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்தவராகச் சொல்லப்படும் லைகர்கஸின் வரலாற்றை வாசிக்கும் இளைஞன் நல்லவனாக மாறலாம். ஆனால் லைகர்கஸ் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்றார் ரசல். இவ்வாதத்தின் வலு எனக்குத் தெரிகிறது. என் விசுவாசம் அதற்குப் பின்னும் இருக்கிறது. அந்த உரையாடலின் எழுத்து வடிவத்தில் என்னைக் கவர்வது அதன் தொடக்கம்: கடவுள் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இருவரும் முதலில் உடன்பட்டுக்கொள்கிறார்கள். கடவுள் இல்லை என்று நிறுவ முடியும் என்பீரா என்று கேட்டபோது, ரசல் அப்படிச் சொல்லமாட்டேன், என் நிலை அறியொணாமை (உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பது) என்றார். இந்த முதல் சில நிமிடங்களை நம் வீடுகளில் நாம் எப்போதும் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு இரவு தம்பியை அழைத்து, கோபம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பயம் என்று சொன்னதற்கு அவனும் கேட்டான். பிறகு, எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அப்பா நோயில் விழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே என்றான். அதை அறியாமல் அந்த நான்கு ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு அவனோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியிருக்கிறேன்.

அப்பா பிழைத்திருந்தால் நம்பியிருப்பாயா என்று கேட்டேன். "அடுத்த கட்டிலில் இருந்த பையன் அப்பாவுக்கு முன்பே செத்துப்போனான் அக்கா. அப்பா மட்டும் பிழைத்து நான் நம்பியிருந்தால், அவனுடைய அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றான். அந்தப் பையனை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஜெபங்களில் ஒரு நாளும் அவன் பெயர் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நீ இப்போது எதற்காக ஜெபிக்கிறாய் என்று அவன் கேட்டான். சுகம் கேட்டோம், கிடைக்கவில்லை, அது என் விசுவாசத்துக்கு எதிராகவே நிற்கிறது, ஆனாலும் பேசுவதை நிறுத்த என்னால் முடியவில்லை என்றேன். அவன் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. யோபு புத்தகத்தை இருவரும் வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறோம், வாரத்துக்கு ஐந்து அதிகாரம். அவன் தன் பங்குக்கு ரசல், கோப்பிள்ஸ்டன் உரையாடலை அனுப்பியிருக்கிறான். ஓரங்களில் மறுபடியும் பென்சில் குறிப்புகள். இந்த முறை நானும் ஒரு பென்சில் எடுத்துவைத்திருக்கிறேன்.