லேப் புரோகிராம்ல காப்பி: மாஸ் சாஃப்ட்வேர் போட்டுப் பிடிக்கறதா, வைவா (வாய்மொழித் தேர்வு) வெக்கறதா?

பவானிக்கரை (ஈரோடு, லேப் ஆசிரியை):
ரெண்டாம் வருஷ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப். 60 பேர்ல முக்கால்வாசி ஒரே புரோகிராம். வேரியபிள் பேரை மட்டும் மாத்திட்டு வந்து நிக்கறாங்க. அடுத்த செமஸ்டர்ல இருந்து எல்லாத்தையும் மாஸ்ல (MOSS, புரோகிராம்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ஒத்த பகுதியைக் காட்டற சாஃப்ட்வேர்) போட்டு, 70 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போனா ரெண்டு பேருக்கும் ஜீரோ. கொடுத்தவனுக்கும் சேர்த்துத்தான். என்ன சொல்றீங்க?

ஹாஸ்டல் மாடி (கோவை, மூணாம் வருஷம்):
ஏனுங்க மேடம், ஸ்டாக்குக்கு (டேட்டாவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறது) புஷ், பாப் (மேல வெக்கறது, மேல இருந்து எடுக்கறது) எழுதச் சொன்னா 60 பேரும் 60 விதமா எப்படீங்க எழுதறது? ஃபுல்லா இருந்தா ஓவர்ஃப்ளோ, இல்லைன்னா மேல் இடத்தைக் காட்டற டாப்பை ஒண்ணு கூட்டி அதுல வெக்கணும். அதுல என்னத்தங்க புதுசா எழுதறது? பாதியை நீங்களே போர்டுல எழுதிப் போடறீங்க. சீனியர் ரெக்கார்டைப் பிரிச்சா அதே எக்ஸர்சைஸ், அதே வரிசை. கேள்வியை மாத்தாம எங்களை மட்டும் மாறச் சொல்றது நியாயமுங்களா?

மலையடி (திருச்செங்கோடு):
ஜீரோ போடுங்க மேடம். அழுவாங்க, அப்பாவைக் கூட்டிட்டு வருவாங்க. விடாதீங்க.

சரவணம்பட்டி டீம் லீட்:
70ங்கற கோட்டை யாருங்க போட்டது? மாஸை 1994ல உருவாக்கினவர் அலெக்ஸ் எய்கன். ஒத்துப்போற அளவை மட்டும் நம்பி முடிவெடுக்கறது தப்புன்னு மாஸோட பக்கத்துலயே போட்டிருக்கு. அது ஒத்த பகுதியைத்தான் காட்டும். திருட்டா இல்லையான்னு ஆளுதான் உக்காந்து பார்க்கணும். நீங்க பசங்களுக்குக் கொடுத்த புரோகிராம் வரிகளைத் தனி ஃபைலாக் கொடுத்தா அதைக் கணக்குல சேர்க்காது. போர்டுல எழுதினதை அப்படிக் கொடுங்க. இன்னொண்ணு, மாஸ்ல போட்டா பசங்க புரோகிராம் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி சர்வருக்குப் போகும். அது வேண்டாம்னா ஜெர்மனியில கார்ல்ஸ்ரூகாரங்க செஞ்ச ஜேபிளாக் இருக்கு, நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடும். ரெண்டுமே வேரியபிள் பேரை மாத்தினா ஏமாறாது.

பவானிக்கரை:
பார்க்காமலா சொல்றேன்? க்யூ (முதல்ல வந்தது முதல்ல போற வரிசை) புரோகிராம்ல 'எலிமென்ட்'டுக்கு ரெண்டு எல் போட்டு ஒரு பிரிண்ட் லைன். அதே ரெண்டு எல், அஞ்சு பேர் அவுட்புட்லயும். க்யூ காலியானதும் வரிசையோட கடைசியைக் காட்டற ரியரை மைனஸ் ஒண்ணுக்குக் கொண்டுவர மறந்ததும் அதே அஞ்சு பேர். சரியான விடை ஒரே மாதிரி வரலாம் தம்பி, தப்பு எப்படி ஒரே மாதிரி வரும்?

ஹாஸ்டல் மாடி:
அந்த அஞ்சு பேரை நான் ஒண்ணும் பேசலீங்க மேடம். ஆனா இப்ப யாருங்க பக்கத்து பெஞ்சைப் பார்க்கறாங்க? சாட்ஜிபிடி ஒவ்வொருத்தனுக்கும் கொஞ்சம் மாத்தி மாத்திக் குடுக்குது. மாஸ் ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலோடதானுங்க ஒப்பிடும்? அப்பப் பாவம், ரூம்மேட்கிட்ட கேட்டவன் மாட்டுவான், மெஷின்கிட்ட கேட்டவன் தப்பிப்பான்.

சரவணம்பட்டி டீம் லீட்:
பையன் சொல்றது சரிதான். ஆபீஸ்ல நாங்களும் நெட்ல தேடித்தான் எழுதறோம். ஆனா எடுத்து ஒட்டினது ஏன் ஓடுதுன்னு சொல்லத் தெரியணும். எங்க இன்டர்வியூவுல பாதிப் பேர் விழறது அங்கதான். அதனால வைவா வைங்க.

பவானிக்கரை:
ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னாக்கூட 60 பேருக்கு அஞ்சு மணி நேரம். லேப் அவ்வளவு நேரம் கிடையாதுங்க. அதைவிடப் பெரிய சங்கடம் வேற. அந்தியூர்ப் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பொண்ணு, புரோகிராம் முழுக்க அவளே எழுதினது. இங்கிலீஷ்ல கேள்வி கேட்டதும் வாயே திறக்கலை. பக்கத்துல காப்பியடிச்சவன் கடகடன்னு ஒப்பிச்சுட்டுப் போறான்.

ஹாஸ்டல் மாடி:
அப்பத் தமிழ்லயே கேளுங்க மேடம். இல்லைன்னா கேக்கவே வேண்டாம், மாத்தச் சொல்லுங்க. அவங்கவங்க லிங்க்டு லிஸ்ட் (நோடுங்கற துண்டுகளைச் சங்கிலியாக் கோத்தது) புரோகிராமைத் திறந்து, 'கடைசியில இருந்து ரெண்டாவது நோடை அழி'ன்னு போர்டுல எழுதிப் போடுங்க. பத்து நிமிஷம். எல்லாரும் ஒரே நேரத்துல. சொந்தமா எழுதினவன் லூப்புல ஒரு கண்டிஷன் மாத்திட்டுப் போயிடுவான்.

பவானிக்கரை:
இது செய்யலாம். மாஸ்ல ஒத்துப்போனவங்களுக்கு உடனே மார்க் குறைக்காம, அவங்க மாத்தி எழுதினதை மட்டும் நான் உக்காந்து பார்க்கறேன். 70 கணக்கு வேண்டாம்.

மலையடி:
அப்பவும் கொடுத்தவனுக்கு ஜீரோ உண்டுங்களா?

ஹாஸ்டல் மாடி:
கொடுத்தவனுக்குத்தான் புரோகிராம் தெரியுமேங்க! ராத்திரி 12 மணிக்கு ரூம்மேட் பென்டிரைவை நீட்டினா எப்படீங்க இல்லைங்கறது?

பவானிக்கரை:
பாதி மார்க் குறையும் தம்பி. அதுல நான் இறங்கி வர மாட்டேன்.