‘நிகழ்நேர வருகை’ வேண்டாம், ‘வருகைக் கணிப்பு’ போதும்

அன்பின் நண்பர்களுக்கு,

பஸ் தகவல் சேவைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் உரையாடலில், பஸ் எப்போது வரும் என்று கைபேசியும் தரிப்பிடப் பலகையும் காட்டும் நேரத்துக்கு ‘நிகழ்நேர வருகை’ என்ற சொல்லைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜி.பி.எஸ். கருவி நிகழ்நேரத்தில் அனுப்புவது வண்டி அப்போது எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்பதையே. வருகை இன்னும் நிகழவில்லை. அதைக் கணினி கணித்துச் சொல்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடும் 750 ஆம் இலக்கப் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லை வெளியில் ஏறுவார் இறங்குவார் குறைவு. வண்டி ஒரே ஓட்டமாகக் கடந்துவிடும். நெல்லியடியில் சந்தைக்கு வந்தவர்கள் பைகளோடு இறங்கி, ரியூசன் பிள்ளைகள் ஏறி முடிய, முன்னைய வேகக் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். அதற்கு அடுத்து மந்திகையில் காத்து நிற்பவருக்குத் தூரத்தை வேகத்தால் வகுத்த விடை உதவாது. அந்தப் பாதையில், அந்த வேளையில் வண்டிகள் முன்பு எப்படி ஓடின என்ற பதிவையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். இவ்வளவு வேலையும் சொல்லில் தெரிய வேண்டாமா?

‘எதிர்பார்க்கப்படும் வருகை நேரம்’ பிழையில்லை. ஆனால் மூன்று மொழிகளும் இடம்பிடிக்கும் பலகையில் அது அடங்காது. ‘வரவுக் கணிப்பு’ சுருக்கமானது. எனினும் வரவு செலவுத் திட்டத்தோடு பழகிய நம் கண்ணுக்கு அது பஸ் உரிமையாளரின் வருமானக் கணக்காகவே படும். எனவே ‘வருகைக் கணிப்பு’ என்பதே என் பரிந்துரை. கருத்துக் கணிப்பைப்போல இதுவும் மாறக்கூடும் என்று வாசிப்பவர் தாமாகவே விளங்கிக்கொள்வார்.

இதனோடு ஒட்டிய இன்னொன்று. பஸ் சேவைத் தகவல்களைச் செயலிகளோடு பகிரப் பயன்படும் பொதுத் தரவு வடிவமான ஜி.டி.எஃப்.எஸ். (GTFS) நிகழ்நேரத் தரவில் அட்டவணைக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடு செக்கன்களில் வரும். பிந்தினால் நேர் எண், முந்தினால் மறை எண். ஆங்கிலத்தில் ‘delay’ எனப்படும் இதைத் ‘தாமதம்’ என்று பெயர்த்தால் முந்தி வரும் பஸ்ஸுக்குச் சொல்லே இல்லை. பயணிக்குப் பெரிய கேடு பஸ் முந்தி வருவதுதான். பிந்திய பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். முந்திப் போன பஸ்ஸை என்ன செய்வது? குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகைப் பிடிக்க வேண்டியவருக்கு அன்றைய பயணமே போய்விடலாம். ‘நேர விலகல்’ என்றால் இரண்டு பக்கமும் அடங்கும். நியம விலகல் படித்த நம் மாணவர்களுக்கு விளக்கமும் தேவைப்படாது.

கடைசியாக, ‘தரிப்பிடம்’ என்ற சொல்லை ‘நிறுத்தம்’ என்று மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள். ஊரில் வழங்கும் நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?